சாவுக்குக் கொடுப்பது உதவியா, உரிமையா? டெல்டா முதலாளிகளும் தொழிலாளர்களும்: ஒரு விவாதம்

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி பக்கம், அரிசி ஆலை)

முதலாளி தரப்பிலிருந்து ஒருவராவது வெளிப்படையாகப் பேசவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் இந்த விவாதப் பக்கத்தில் ஒரு சங்கத்துத் தம்பி, "டெல்டாவில் ஆலை, பட்டறை, கடை எது வைத்திருந்தாலும் தொழிலாளியின் நோய்க்கும் சாவுக்கும் முதலாளிதான் பொறுப்பு" என்று எழுதியிருந்தார். அதற்கு என் பதில் இது.

என் ஆலையில் பதினான்கு பேர். நுகர்பொருள் வாணிபக் கழகத்து நெல்லை அரைத்துக் கொடுக்கிறோம். அரவைக்கூலியை நான் முடிவு செய்வதில்லை, மின்கட்டணத்தையும் நான் முடிவு செய்வதில்லை. குறுவை நெல் வரும்போது இரவு பகலாக ஓடும். சம்பா முடிந்துவிட்டால் பாதி நாள் சும்மா கிடக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷம் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலையிலும் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் முன்பணம் கொடுக்கிறேன், வண்டி ஏற்பாடு செய்கிறேன். நெல் அவிக்கும் இடத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர், நாற்பத்தைந்து வயதுதான், வீட்டில் தூங்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். பந்தலிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை என் செலவு. அந்தம்மா கையில் ஐம்பதாயிரமும் கொடுத்தேன். எந்த அதிகாரியும் வந்து சொல்லிச் செய்யவில்லை.

நோயும் சாவும் அரசாங்கம் பார்க்கவேண்டியவை. அதற்குத்தான் வரி கட்டுகிறோம். மனசால் செய்வதைச் சட்டமாக்கினால், நாளைக்கு முதலாளி "கட்டவேண்டியதைக் கட்டிவிட்டேன், என் வாசலுக்கு வராதே" என்றுதான் சொல்வான். அப்போது நஷ்டம் யாருக்கு?

கீழத்தஞ்சை (திருவாரூர், சுமைப்பணித் தொழிலாளர் சங்கம்)

அண்ணே, அந்தத் தம்பி நான்தான். நீங்கள் செய்ததைக் குறைவாகப் பேசமாட்டேன். செய்யாத முதலாளிகளையும் எனக்குத் தெரியும்.

ஆனால் "மனசால் செய்வது" என்பது நம் மண்ணில் புதிது இல்லை. பண்ணையாள் காலத்தில் மிராசுதார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நெல் அளந்தார். அது கடனாக ஏறியது, மகனும் அதே வாசலில் நின்றான். விவசாயத் தொழிலாளர் தலைவர் சீனிவாச ராவ் போன்றவர்கள் வந்து சங்கம் கட்டி, 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் நினைத்தபோது ஆளை விரட்ட முடியாது, கூலி இவ்வளவு என்று எழுத்தில் வந்தது. அன்றைக்கும் "நாங்கள் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோமே, சட்டம் எதற்கு?" என்றுதான் கேட்டார்கள்.

நீங்கள் ஐம்பதாயிரம் கொடுத்தீர்கள். அடுத்த ஆலையில் பத்தாயிரம் கொடுத்தால் அந்தக் குடும்பம் யாரிடம் கேட்கும்? நன்றாகப் பேசத் தெரிந்த உறவுக்காரன் இருந்தால் கூடுதல், இல்லாவிட்டால் குறைவு. ஒரு மனுஷன் பதினெட்டு வருஷம் நெல் அவித்ததற்கு இது கணக்கு இல்லை. இன்னொன்று. உங்களிடம் பதினான்கு பேர் என்கிறீர்கள். மூட்டை ஏற்றி இறக்குகிறவர்கள் அந்தப் பதினான்கில் உண்டா?

குடந்தைப் பட்டறை (கும்பகோணம், பித்தளைப் பாத்திரம்)

நானும் ஆள் வைத்திருப்பவன்தான், ஏழு பேர். எல்லாம் பீஸ் ரேட். குடம் அடித்தால் குடத்துக்கு, பாலீஷ் போட்டால் கிலோவுக்கு. அன்றைக்கு வரவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. இது நான் வைத்த வழக்கமில்லை, எங்கள் தெருவிலேயே அப்படித்தான்.

பாலீஷ் மோட்டாரில் உட்காருகிறவர்களுக்கு நாற்பதைத் தாண்டினால் இருமல் ஆரம்பிக்கிறது. அது எனக்கும் தெரிகிறது. பித்தளை விலை ஏறிக்கொண்டே போகிறது, வாங்குகிறவர்கள் எவர்சில்வருக்குப் போய்விட்டார்கள். இதில் நோய்க்கும் நான் கட்டினால் பட்டறையை மூடவேண்டியதுதான். ஏழு பேர்தானே, எனக்கு எந்தச் சட்டமும் இல்லை என்று என் ஆடிட்டர் சொல்கிறார்.

தஞ்சைக் கணக்கர்

இருபது வருஷமாக ஆலைகளுக்கும் கடைகளுக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். எனக்குச் சம்பளம் தருவது முதலாளிகள்தான், ஆகவே சங்கத்துக்காரன் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. எல்லாருக்கும் பழகிய பழைய சட்டப் பெயர்களிலும் பிரிவு எண்களிலுமே சொல்கிறேன், நான் இங்கே போடும் கணக்குகளின் அடிப்படை அதேதான்.

முதலில் வெண்ணாற்றங்கரை சார். பத்துப் பேர் வேலை செய்யும் ஆலைக்கு இ.எஸ்.ஐ. உண்டு, மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. 2019 ஜூலைக்கு முன்னால் இது 4.75-ம் 1.75-மாக இருந்தது. ஆளுக்கு 14,000 சம்பளம் என்று வைத்தால் உங்கள் பங்கு 455 ரூபாய். பதினான்கு பேருக்கு வருஷத்துக்கு 76,440.

இப்போது அடுத்த பக்கம். இ.எஸ்.ஐ. இல்லாமல் ஆலைக்குள் விபத்தில் ஒருவர் இறந்தால் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டக் கணக்கு வரும். சம்பளத்தில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்கவேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு அந்த எண் 169.44. 7,000-ஐப் பெருக்கினால் 11,86,080 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதமும் போடலாம். இது முழுக்க உங்கள் கையிலிருந்து.

இ.எஸ்.ஐ.யில் அந்த ஆள் இருந்தால் இந்த இழப்பீட்டை உங்களிடம் கேட்கவே முடியாது. சட்டத்தின் 53-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இ.எஸ்.ஐ. கழகம் சம்பளத்தில் 90 சதவீதத்தை மாதாமாதம் குடும்பத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கும், மனைவிக்கு ஆயுள் வரை அல்லது மறுமணம் வரை. முதலாளிகள் இதைத் தொழிலாளிக்காகக் கட்டுகிற தண்டமாக நினைக்கிறார்கள். ஆலையே விற்றுப்போகும் நாளிலிருந்து காப்பாற்றுவதும் அதுதான்.

அடுத்து, உங்கள் ஆலைக்கு கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) உண்டு. இறந்துபோனால் ஐந்து வருஷம் முடிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. கடைசிச் சம்பளம் 14,000, பதினெட்டு வருஷம் என்றால் 1,45,384 ரூபாய், முப்பது நாளில் கொடுக்கவேண்டும். நீங்கள் அந்தம்மாவுக்குக் கொடுத்த ஐம்பதாயிரம் உங்கள் அன்பு. இது வேறு.

குடந்தைப் பட்டறை சார், உங்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை என்பது சரி. ஆனால் மின்மோட்டார் ஓடும் பட்டறைக்கு இழப்பீட்டுச் சட்டம் ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. ஏழு பேருக்கும் உண்டு. தொழிலால் வரும் நோய்களுக்கும் அதில் தனிப் பட்டியல் இருக்கிறது. "எந்தச் சட்டமும் இல்லை" என்று சொன்னவரை இன்னொரு முறை கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை

கிராஜுவிட்டி கொடுக்கவேண்டியது என்றால் கொடுத்துவிடுகிறேன், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் கணக்கர் சார், நீங்கள் காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறீர்கள். நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

இ.எஸ்.ஐ.க்கு இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். என் ஆட்களில் யார் அங்கே போகிறார்கள்? மருந்தகம் போய் வருவதற்குள் அரை நாள் கூலி போகிறது. பெரிய வைத்தியம் என்றால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத் திருச்சி போகவேண்டும். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே சீட்டு இல்லாமலே பார்க்கிறார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை வைத்தியம் கிடைக்கிறது. அப்புறம் எதற்கு என்னிடமும் அவனிடமும் பிடிக்கிறார்கள்? "ஐயா, அந்த நூற்றைந்து ரூபாயைக் கையில் கொடுத்துவிடுங்கள்" என்று என் ஆட்களே கேட்கிறார்கள்.

இன்னொரு சங்கடம். சீசனில் உடம்பு சரியில்லை என்று சீட்டு வாங்கிக்கொண்டு அறுவடை வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கூலி, இங்கே நோய்ப் பணம். ஆள் இல்லாமல் ட்ரையர் நிற்கும், நனைந்த நெல் என் களத்தில் முளைவிடும்.

தஞ்சைக் கணக்கர்

நோய்ப் பணம் உங்கள் கல்லாவிலிருந்து போவதில்லை சார், கழகம் கொடுக்கிறது. கூலியில் 70 சதவீதம்தான், வருஷத்துக்கு 91 நாள் வரை, முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மாதம் 14,000 வாங்குகிறவர் பதினைந்து நாள் படுத்தால் அவருக்குத்தான் நஷ்டம். காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய் என்றால் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை. முதல்வர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். படுத்திருக்கும் மாதம் வீட்டில் அரிசிக்கு அது காசு தராது. இந்த வித்தியாசத்தைத்தான் முதலாளிகளும் பார்ப்பதில்லை, தொழிலாளிகளும் பார்ப்பதில்லை.

உங்கள் புகாரில் நியாயமான பகுதி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேலை இருந்தால்தான் நோய்ப் பணம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்துத்தான் அது ஆரம்பிக்கும். பஞ்சாலை மாதிரி வருஷம் முழுக்க ஓடும் தொழிலை மனதில் வைத்துப் போட்ட விதி இது. இ.எஸ்.ஐ. 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, தமிழ்நாட்டுக்கு 1955-ல் கோயம்புத்தூர் வழியாகத்தான் வந்தது. ஆலைகள் நெருக்கமாக இருந்த ஊர்களில் ஆஸ்பத்திரி எழுந்தது. நெல்லும் வெற்றிலையும் தறியுமாக இருந்த டெல்டாவுக்கு அது வரவில்லை. சீசன் ஆலையில் விட்டுவிட்டு வேலை செய்கிறவர் 78 நாள் எட்டாமல் கட்டிய பணத்துக்குப் பலன் காணாமல் போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்காக முதலாளிகள் சேர்ந்து குரல் கொடுத்தால் நான் மனு எழுதித் தருகிறேன். கட்டாமல் இருப்பதற்கு மட்டும் அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

வடகரை (மயிலாடுதுறை)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். ஊர் பெயரும் கடை பெயரும் வேண்டாம். கொரோனாவுக்கு அடுத்த வருஷம் சிறுநீரகம் கெட்டுப் படுத்தார். முதலாளி வந்து பார்த்தார், பழம் வாங்கி வந்தார், கொஞ்ச நாள் பாதிச் சம்பளம் அனுப்பினார், அப்புறம் நிறுத்திவிட்டார். அப்பா போன அன்றைக்கு முப்பதாயிரம் கொடுத்தார். அம்மா அவர் காலில் விழுந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

பிறகு விதவை உதவித்தொகைக்கும் வங்கிக்கும் அலைந்தபோது ஒன்று தெரிந்தது. அப்பா அந்தக் கடையில் வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை. சம்பளம் கவரில் வரும். பதிவேட்டில் அப்பா பெயரே இல்லை. ஒன்பது பேருக்கு மேல் எழுதக்கூடாது என்று வைத்திருந்தார்களாம். கடைச் சட்டத்தில் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் நோய் விடுப்பு சம்பளத்தோடு உண்டு என்பதை இப்போது ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். அப்பா காய்ச்சலோடு துணி மடித்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

வெண்ணாற்றங்கரை ஐயா, நீங்கள் நல்லவராகத்தான் தெரிகிறீர்கள். அந்த அம்மாவிடம் அவர் கணவர் உங்களிடம் வேலை பார்த்ததற்கான சான்று கொடுத்தீர்களா? நீங்கள் கொடுத்த பணம் செலவாகிவிடும். அந்தக் காகிதம் இருந்தால் அவர்கள் யார் முன்னாலும் நின்று கேட்கலாம்.

தாளடி (பாபநாசம் பக்கம், விவசாயம்)

ஆலைக்கும் கடைக்கும் சரி. எங்களை இதில் இழுக்காதீர்கள். என் வயலில் இன்றைக்கு நடவு செய்கிறவர்கள் நாளைக்கு வேறு வயலில். பாம்பு கடித்தாலோ இடி விழுந்தாலோ எந்த முதலாளியிடம் போவது? உழவர் பாதுகாப்புத் திட்டத்து அட்டை இருக்கிறது, அதில் போய் வாங்கட்டும்.

கீழத்தஞ்சை

அட்டை இருக்கிறது ஐயா, அதைப் புதுப்பித்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள். நடவுக்கு வருகிறவர்களை நீங்களே ஒருநாள் உட்காரவைத்து எழுதச் சொன்னால் அது நடக்கும். அப்புறம் டிராக்டர், அறுவடை இயந்திரம், மின்மோட்டார் இவற்றில் வேலை செய்கிறவர் அடிபட்டால் அது இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வந்துவிடும், விவசாயம் என்பதால் விலக்கு இல்லை. டிராக்டர் வைத்திருப்பவர்கள் வண்டிக்கு எடுக்கும் பாலிசியில் ஓட்டுநர் சேர்ந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை அண்ணே, மூட்டை தூக்குகிறவர்கள் பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வெண்ணாற்றங்கரை

பதில் சொல்கிறேன் தம்பி. வடகரை மகளுக்கு முதலில்: சான்று கொடுக்கவில்லை, அந்தம்மா கேட்கவுமில்லை. இந்த வாரமே எழுதிக் கொடுக்கிறேன்.

லோடுமேன்கள் என் ஆட்கள் இல்லை. மேஸ்திரி கூட்டி வருகிறார், ஒன்பது பேர். காலையில் என் ஆலை, மத்தியானம் கொள்முதல் நிலையம், சாயங்காலம் வேறு குடோன். மூட்டைக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் கொடுத்துவிடுகிறேன். நான்கு இடத்தில் வேலை செய்கிறவனுக்கு நான் மட்டும் எப்படி முதலாளி ஆவேன்?

நீங்களும் ஒன்றுக்குப் பதில் சொல்லவேண்டும். பக்கத்து ஆலையில் ஒருவர் மூட்டை அட்டியிலிருந்து விழுந்து இறந்தபோது உடலைக் கொண்டுவந்து கேட் முன்னால் வைத்தார்கள். சாலை மறியல். பத்து லட்சத்தில் ஆரம்பித்து ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றரையில் முடிந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கினார்கள். இதுதான் உரிமை கேட்கும் முறையா? முதலாளிகள் பயப்படுவது சட்டத்துக்கு இல்லை, இதற்குத்தான்.

தஞ்சைக் கணக்கர்

அந்தக் காகிதத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் டெல்டாவில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள்.

வேலையில் விபத்துச் சாவு நடந்தால் இழப்பீட்டை முதலாளி நேராகக் குடும்பத்திடம் கொடுப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் கட்டவேண்டும். அவர்தான் மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு, பெற்றவர்களுக்கு எவ்வளவு என்று பிரிப்பார். சிறு பிள்ளைகளின் பங்கை வங்கியில் போட்டு வைப்பார். மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணமாகக் கையில் கொடுக்கலாம், அதை மட்டும் கழித்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் ராத்திரி இரண்டு மணிக்குக் கொடுத்தது கணக்கில் வராது. "இனிக் கோரிக்கை இல்லை" என்று எழுதி வாங்கியதும் செல்லாது, உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவுமே செல்லாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குடும்பம் இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டால் முதலாளி முழுத்தொகையும் மறுபடி கட்டவேண்டியிருக்கும்.

தொழிலாளி பக்கத்திலும் இழப்பு உண்டு. கையில் வாங்கிய பணத்தில் மச்சான், பங்காளி, கடன்காரன், பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் போக, மனைவிக்கு என்ன மிஞ்சும்? ஆணையரிடம் கட்டச் சொல்வதே அவளைக் காப்பாற்றத்தான். கேட் முன்னால் உடலை வைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் முதலாளி மறுநாள் காலையிலேயே தொகையைக் கட்டிவிடுவார் என்ற நம்பிக்கை ஊரில் இருந்தால் யாரும் உடலைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

இப்போது லோடுமேன். சட்டப்படி, ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த ஆளாக இருந்தாலும் உங்கள் ஆலை வேலையில் அடிபட்டால் பொறுப்பு முதன்மை முதலாளியான உங்களுடையது. பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது, மேஸ்திரியிடம் என்ன இருக்கும் என்பது வேறு விஷயம்.

மனதுக்குக் கஷ்டமான இன்னொரு கணக்கும் இருக்கிறது. பி.எஃப். சட்டம் இருபது பேர் இருந்தால் வரும், ஒப்பந்த ஆட்களையும் அதில் எண்ணுவார்கள். உங்கள் பதினான்கோடு அந்த ஒன்பதும் சேர்ந்தால் இருபத்துமூன்று. பி.எஃப்.ஓடு சேர்ந்து இ.டி.எல்.ஐ. என்ற உயிர்க் காப்பீடு வருகிறது. அதற்கு முதலாளி கட்டுவது அரை சதவீதம், 14,000-க்கு மாதம் எழுபது ரூபாய். வீட்டில் தூங்கும்போது மாரடைப்பு வந்து இறந்தாலும் உண்டு, காரணம் கேட்பதில்லை. இ.எஸ்.ஐ.யில் அந்தச் சாவுக்கு ஈமச் செலவு 15,000 மட்டும்தான். இ.டி.எல்.ஐ.யில் முப்பத்தைந்து மாதச் சம்பளம், அதாவது 4,90,000 ரூபாய், அதற்கு மேல் பி.எஃப். இருப்பைப் பார்த்து 1,75,000 வரை. மனைவிக்கு மாத ஓய்வூதியம் தனி. அந்த நெல் அவித்தவரின் வீட்டுக்கு இதுதான் போயிருக்கவேண்டியது.

குடந்தைப் பட்டறை

எழுபது ரூபாய் என்று மட்டும் சொல்கிறீர்கள். அதை மட்டும் தனியாகக் கட்ட விடமாட்டார்களே? பி.எஃப். பங்கும் சேர்த்துத்தானே வரும். பீஸ் ரேட்டில் அது எனக்கு எட்டாது.

ஆனால் பாலீஷ்காரர் விஷயம் ராத்திரி தூங்கவிடவில்லை. ஏழு பேர் வைத்திருப்பவன் என்னதான் செய்யலாம், நேராகச் சொல்லுங்கள்.

தஞ்சைக் கணக்கர்

பி.எஃப். பங்கும் சேர்ந்துதான் வரும், மறைக்கவில்லை. நீங்களும் பெரும்பான்மை ஆட்களும் சம்மதித்தால் இருபது பேர் இல்லாமலே பி.எஃப்.-இல் சேரலாம். எட்டாது என்றால் முதலில் டபிள்யூ.சி. பாலிசி (தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு) எடுங்கள், பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கின்றன. பீஸ் ரேட் என்பது தடையில்லை, சராசரி மாதக் கூலியைச் சொன்னால் போதும். தொழில் நோயையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஆட்களின் வங்கிக் கணக்கில் பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்ஷா பீமா என்ற இரண்டு காப்பீடுகளையும் போடவையுங்கள். வருஷத்துக்கு 436 ரூபாயும் 20 ரூபாயும். முதலாவது எந்தச் சாவுக்கும் இரண்டு லட்சம், ஐம்பது வயதுக்குள் சேர்ந்திருக்கவேண்டும். இரண்டாவது விபத்துக்கு இரண்டு லட்சம், எழுபது வயது வரை. ஏழு பேருக்கு 3,192 ரூபாய், நீங்களே கட்டிவிடலாம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் புதுப்பிக்காமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது, அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும்.

பாலீஷ் மோட்டாருக்குத் தூசி உறிஞ்சும் விசிறி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் காப்பீட்டுக்கு முன்னால் அதுதான்.

கீழத்தஞ்சை

கணக்கர் சார், நீங்கள் சொல்வதெல்லாம் நிரந்தர இடத்தில் வேலை செய்கிறவனுக்கு. எங்கள் ஆள் ஒன்பது பேரும் நான்கு இடத்தில் மூட்டை தூக்குகிறார்கள் என்று அண்ணன் சொன்னது உண்மை. அதனால் நான்கு முதலாளியும் கைகழுவுகிறார்கள் என்பதும் உண்மை. மகாராஷ்டிராவில் 1969-லேயே மாத்தாடித் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். சுமைத் தொழிலாளி எங்கே தூக்கினாலும், அந்த இடத்து முதலாளி கூலியோடு கூடுதலாக, கூலியில் ஒரு குறிப்பிட்ட பங்கை வாரியத்தில் கட்டவேண்டும். பி.எஃப்., விடுமுறைச் சம்பளம் எல்லாம் வாரியம் பார்த்துக்கொள்கிறது. இங்கே நமக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நலவாரியம் இருக்கிறது, ஆனால் மூட்டையின் மேல் முதலாளி கட்டும் பங்கு இல்லை. கட்டடத் தொழிலுக்குக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் பிடிக்கிறார்கள். கட்டடத்துக்கு முடிந்தது நெல் மூட்டைக்கு முடியாதா?

வெண்ணாற்றங்கரை

இதற்கு நான் எதிரி இல்லை. நான் முதலிலிருந்து சொல்ல வந்ததும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் ஒருவன் மட்டும் மூட்டைக்குக் கூடுதலாகக் கட்டினால், கட்டாத ஆலைக்காரன் என்னைவிடக் குறைந்த விலைக்கு அரைப்பான், எனக்கு வேலை போகும், என் பதினான்கு பேருக்கும் போகும். எல்லா ஆலையும் கட்டினால், கொள்முதல் நிலையமும் சேர்ந்து கட்டினால், எனக்கு ஆட்சேபணை இல்லை. அரசாங்கமே மூட்டை தூக்க வைக்கிறது, அவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் பிடிக்கக்கூடாது.

நோய் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. மருந்தகம் சாயங்காலமும் திறந்திருக்கவேண்டும், டெல்டாவுக்குள் படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும், 78 நாள் விதியை சீசன் ஆலைக்குத் தளர்த்தவேண்டும். இவை வராமல் இன்னும் கட்டு என்றால் நான் எதிர்த்துப் பேசுவேன். அடுத்த மாதம் எங்கள் ஆலை உரிமையாளர் கூட்டம் இருக்கிறது. இந்த மூன்றோடு மூட்டைப் பங்கையும் வைக்கிறேன். கணக்கர் சார் மனு எழுதித் தருகிறேன் என்று சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன்.

வடகரை

ஐயா, ஐந்தாவதாக இன்னொன்றும் சேருங்கள்: பெயர் எழுதாமல் யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது, ஒருநாள் வேலையாக இருந்தாலும்.

தஞ்சைக் கணக்கர்

மனுவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அதில் மகள் சொன்னதை முதலாவதாகப் போடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரமுடியும்.

கீழத்தஞ்சை

எங்கள் சங்கமும் கையெழுத்துப் போடும். ஒரே ஒரு நிபந்தனை. யார் எங்கே எத்தனை மூட்டை தூக்கினார் என்ற பதிவேடு மேஸ்திரி கையில் இருக்கக்கூடாது. ஆலையில் ஒன்று, ஆள் கையில் ஒரு அட்டை, இரண்டிலும் அன்றன்றைக்கு எழுதவேண்டும். கூட்டத் தேதி முடிவானதும் இங்கேயே போடுங்கள் அண்ணே, ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.